வாலஸ் தூங்காத வாலஸ் அறை: ஸ்காட்லாந்துக் கோட்டைகளில் படுக்கையறைக்கு எப்படிப் பெயர் வருகிறது?

கோட்டைக்குள் தங்கலாம் என்று விளம்பரம் செய்யும் ஸ்காட்லாந்து ஹோட்டல்கள் பலவற்றில் அறைகளுக்கு எண்ணைவிடப் பெயர்தான் முக்கியம். வில்லியம் வாலஸ் அறை, ராபர்ட் த புரூஸ் அறை, மேரி அரசி அறை. முதல் இருவரும் இங்கிலாந்தை எதிர்த்துப் போராடிய இடைக்கால ஸ்காட்லாந்து வீரர்கள், மேரி 16ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்து அரசி. படத்தில் நான்கு கால் நட்டு மேலே விதானம் கட்டிய கட்டில், கட்டம் போட்ட கம்பளித் துணி, சுவரில் ஒரு வாளோ மான் தலையோ. பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது ஒரே கேள்விதான்: அவர் நிஜமாகவே இங்கே தூங்கினாரா?

பெரும்பாலும் இல்லை. சரி, அப்படியானால் ஏமாற்று வேலையா என்றால் அதுவும் இல்லை. ஒரு கோட்டை அறையில் மூன்று விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன: சுவர் ஒரு காலத்தது, அலங்காரம் வேறொரு காலத்தது, பெயர் மூன்றாவது காலத்தது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெளிவாகிவிடும். ஏன் இப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது, அதில் கொஞ்சம் சட்டம், கொஞ்சம் கட்டடத்தின் வடிவம், கொஞ்சம் பணம்.

எடுத்துக்காட்டாக எடின்பரோவுக்குத் தெற்கே, மிட்லோதியன் பகுதியில் உள்ள டால்ஹவுசி கோட்டையை எடுத்துக்கொள்ளலாம். வாலஸ், புரூஸ், மேரி என்று வரலாற்று மனிதர்களின் பெயரில் அறைகள் வைத்திருக்கும் ஹோட்டல் அது.

கோட்டை என்று எதைச் சொல்கிறார்கள்?

ஸ்காட்லாந்தில் இந்தப் பெயருக்குள் குறைந்தது மூன்று வகைக் கட்டடங்கள் அடங்கும். தங்கும் அறையின் அளவு, வெளிச்சம், குளிர், படிக்கட்டு எல்லாமே இது எந்த வகை என்பதைப் பொறுத்தது.

1. கோபுர வீடு. 14ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை நிலப்பிரபுக்கள் கட்டியது. படை தங்கும் கோட்டை என்பதைவிட, ஒரு குடும்பம் பாதுகாப்பாக வாழும் உயரமான கல்வீடு என்று சொல்வதே சரி. தரைத்தளத்தில் வளைவுக்கூரை போட்ட கிடங்கு, அதற்கு மேல் பெரிய கூடம், அதற்கும் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அறைகள். எல்லாவற்றையும் இணைப்பது சுவருக்குள்ளேயே ஏறும் ஒரு குறுகிய சுழல் படிக்கட்டு. 1430-ல் கட்ட அனுமதி பெற்ற போர்த்விக் கோட்டை இதற்கு நல்ல உதாரணம். அதன் சுவர் சில இடங்களில் 4 மீட்டருக்கும் மேல் தடிமன்.

2. பழைய கருவைச் சுற்றி வளர்ந்த கட்டடம். டால்ஹவுசி இந்த வகை. ராம்சே குடும்பம் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையில் அடித்தளமும் கீழே உள்ள வளைவறைகளும்தான் மிச்சம், மேலே நிற்பதில் பெரும்பகுதி 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு அப்புறமும் ஒவ்வொரு தலைமுறையும் ஏதோ ஒன்றை ஒட்டவைத்தது, இடித்தது, ஜன்னலைப் பெரிதாக்கியது.

3. கோட்டை வேடம் போட்ட மாளிகை. ஏர்ஷயர் கடற்கரையில் பாறை முனையில் நிற்கும் கல்லேன் கோட்டையைப் படத்தில் பார்த்தால் மன்னர்கள் சண்டை போட்ட இடம் போல இருக்கும். உண்மையில் ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் 1777 முதல் 1792 வரை, அங்கே இருந்த பழைய கோபுர வீட்டை உள்ளே விழுங்கிக்கொண்டு எழுப்பிய சொகுசு மாளிகை அது. ஃபோர்ட் வில்லியம் அருகே ஹோட்டலாக இயங்கும் இன்வர்லாக்கி இன்னும் புதியது, 1863-ல் கட்டியது.

மூன்றாவது வகையில் அறைகள் பெரிதாக, கூரை உயரமாக, ஜன்னல் அகலமாக இருக்கும். முதல் வகையில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. விலை மட்டும் சில நேரம் இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் வேடிக்கை.

அந்தக் காலத்தில் எப்படித் தூங்கினார்கள்?

தனக்கென்று ஒரு அறை, கதவைச் சாத்தினால் தனிமை, இதெல்லாம் பின்னால் வந்த வசதி. கோபுர வீட்டில் பிரபுவும் மனைவியும் கூடத்துக்கு மேலே உள்ள அறையில் படுத்தார்கள். அதே அறையில் வேலைக்காரரோ வேலைக்காரப் பெண்ணோ, பெரிய கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போடும் சின்னக் கட்டிலில் படுத்தார்கள். மற்றவர்களுக்கு எங்கே இடம் கிடைத்ததோ அங்கே, நிறைய பேர் கூடத்துத் தரையில்.

விதானக் கட்டிலுக்குக் காரணமும் இதுதான். கனமான திரையை நான்கு பக்கமும் இழுத்துவிட்டால் குளிரும் வராது, அறையில் இருக்கும் மற்றவர்களின் பார்வையும் படாது. அறைக்குள் ஓர் அறை. கட்டிலின் மரச்சட்டத்தைவிடத் திரைத்துணிதான் விலை அதிகம். வசதியுள்ள பிரபுக்கள் ஊர் விட்டு ஊர் போகும்போது கட்டிலைக் கழற்றி, திரையையும் சுவரில் தொங்கவிடும் துணிகளையும் மூட்டை கட்டிக் கூடவே எடுத்துப் போனார்கள். அதாவது, விருந்தாளியின் அறை எப்படி இருந்தது என்பதைக் கோட்டைக்காரரைவிட விருந்தாளியின் மூட்டைதான் முடிவு செய்தது. ‘இன்னார் படுத்த கட்டில்’ என்று ஒரு கோட்டையில் காட்டினால் சந்தேகப்படுவதற்கு இதுவே போதும்.

இன்னொன்று, நிறம். பழைய கோட்டை என்றால் வெறும் சாம்பல் நிறக் கல்சுவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சும், அதன்மேல் வண்ணமும் சித்திரமும் தொங்குதுணிகளும் இருந்தன. ஸ்டர்லிங் கோட்டையில் ஐந்தாம் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையைச் சுமார் 1.2 கோடி பவுண்டு செலவில் பழைய நிலைக்குக் கொண்டுவந்து 2011-ல் திறந்தபோது, அரசியின் படுக்கையறையில் இருந்த சிவப்பும் நீலமும் பொன் நிறமும் கண்ணைப் பறித்தன. அதற்குப் பக்கத்தில் வைத்தால், இன்றைய கோட்டை ஹோட்டல்களில் ‘இயல்பான பழமை’ என்று காட்டப்படும் பூச்சு உரித்த கல்சுவர் இருபதாம் நூற்றாண்டின் ரசனைதான்.

‘தீம்’ அறை ஹோட்டல்காரர்கள் கண்டுபிடித்ததா?

இல்லை. இதில் சுவாரஸ்யமான பகுதியே இதுதான்.

அபர்டீன் அருகே கிராத்தஸ் கோட்டை இருக்கிறது. அங்கே ஓர் அறையின் மர உத்தரங்களிலும் இடைப்பலகைகளிலும் ஹெக்டர், அலெக்சாண்டர், ஜூலியஸ் சீசர், யோசுவா, தாவீது, ஆர்தர், சார்லமேன் உள்ளிட்ட ஒன்பது மாவீரர்களைத் தீட்டியிருக்கிறார்கள். ஆண்டு 1602. இன்னோர் அறையில் கலைகளின் தேவதைகள். அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட கிராத்தஸ் பக்கம் வந்தவர் இல்லை, வந்திருக்கவும் முடியாது. வீட்டுக்காரர் தன் படிப்பையும் அந்தஸ்தையும் வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து அறை முழுவதும் நிரப்பினார். இன்றைய மொழியில் அதற்குத் தீம் அறை என்றுதான் பெயர். பின்னால் மோஸ்தர் மாறியதும் அந்த ஓவியங்களைப் பூச்சால் மூடிவிட்டார்கள், 1877-ல்தான் மறுபடி வெளியே வந்தன.

அடுத்த கட்டம் எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனை. மேரி அரசியின் செயலாளர் டேவிட் ரிட்சியோவை அவர் கண்ணெதிரே இழுத்துப் போய்க் குத்திக் கொன்றது அங்கேதான், 1566 மார்ச் 9 அன்று. அந்த அறைகளை, அரண்மனையின் பரம்பரைக் காவல் பொறுப்பில் இருந்த ஹாமில்டன் பிரபுவின் ஆட்கள் பிற்காலத்தில் காசு வாங்கிக்கொண்டு ஊர் சுற்ற வந்தவர்களுக்குக் காட்டினார்கள். தரையில் ரத்தக்கறை, அதோ மேரி படுத்த கட்டில். ரொம்ப காலம் கழித்து ஆராய்ந்து பார்த்தால், அந்தக் கட்டில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. மேரியின் தலை வெட்டப்பட்டது 1587-ல். அறை உண்மை, கொலை உண்மை, கட்டில் மட்டும் சுமார் நூறு வருடம் தாமதமாக வந்துவிட்டது.

மூன்றாவது கட்டம்தான் இன்றைக்கு நாம் படத்தில் பார்க்கும் தோற்றத்தை முடிவு செய்தது. 1746-ல் ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸின் உடையைச் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள், 1782-ல் தடை நீங்கியது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தார். 1651-க்குப் பிறகு பதவியில் இருக்கும் மன்னர் ஒருவர் ஸ்காட்லாந்து வருவது அதுதான் முதல் தடவை. வரவேற்பைத் திட்டமிட்டவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். ஊரே டார்டன் கட்டம் போட்ட துணியில் நனைந்தது, மன்னரும் கில்ட் எனும் ஹைலேண்ட் பாவாடை கட்டினார். குலத்துக்கு ஒரு கட்டம் என்ற ஏற்பாடு கெட்டிப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். பானக்பர்னில் இருந்த வில்சன் என்ற நெசவு நிறுவனம் 1819-லேயே தன் கட்டங்களுக்கு ஒரு மாதிரிப் புத்தகம் தயாரித்து வைத்திருந்தது. அப்புறம் விக்டோரியா அரசி. 1852-ல் பால்மோரல் எஸ்டேட்டை அவர் குடும்பம் வாங்கியது, 1856-க்குள் பழைய வீட்டுக்குப் பதிலாகப் புதுக் கோட்டை எழுந்தது. தரைவிரிப்பு, திரை, நாற்காலி உறை என்று எங்கு பார்த்தாலும் டார்டன். பணக்காரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் வீடுகளையும் மாற்றினார்கள்.

ஆகவே டார்டன் சுவர்த்தாள், மான் கொம்பு, விதானக் கட்டில் என்ற சேர்க்கை இடைக்காலத்தது அல்ல, 19ஆம் நூற்றாண்டு கண்ட கனவு. டால்ஹவுசி இருப்பதோ தெற்கே, லோலேண்ட்ஸ் எனும் சமவெளிப் பகுதியில். வாலஸ் அந்தச் சமவெளியைச் சேர்ந்தவர், புரூஸுக்கும் நிலபுலன் பெரும்பாலும் தெற்கில்தான். அவர்கள் பெயரில் உள்ள அறையில் ஹைலேண்ட் குலக்கட்டத்தைத் தொங்கவிட்டால் அது வரலாற்றுப்படி பொருந்தாது. பார்க்க அழகாக இருக்கும், அது வேறு விஷயம்.

சரி, ஏன் பெயர் வைத்தே ஆக வேண்டும்?

ரசனை ஒரு காரணம்தான். மூன்று நெருக்கடிகள் சேர்ந்துதான் ஹோட்டல்காரரை இந்தப் பக்கம் தள்ளுகின்றன.

1. இரண்டு அறைகள் ஒரே மாதிரி இருக்காது. சாதாரண ஹோட்டலில் 204-ஆம் எண் அறையும் 304-ஆம் எண் அறையும் அச்சு அசல். அதனால் ‘டீலக்ஸ் டபுள்’ என்று சொன்னால் போதும். கோட்டையில் ஒன்று வட்டமாக இருக்கும், ஒன்றின் கூரை சரிந்திருக்கும், ஒன்றுக்கு அறுபது படி ஏற வேண்டும், ஒன்றின் ஜன்னல் அம்பு எய்வதற்காக விட்ட பிளவு. இவற்றை ஒரே வகைக்குள் அடைக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனிப் படம், தனி விளக்கம் வேண்டியிருக்கிறது. தனியாக ஒரு பெயர் கொடுத்துவிட்டால் வேலை சுலபம். குறையே கதையாகவும் மாறிவிடுகிறது. ஜன்னல் சின்னது என்று புகார் செய்ய வேண்டியவர், முற்றுகைக் காலத்து அறையில் தங்கினேன் என்று படம் போடுகிறார்.

2. சுவரில் கை வைக்க முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் வரலாற்று மதிப்புள்ள கட்டடங்களை ஏ, பி, சி என்று மூன்று தரமாகப் பட்டியலிடுகிறார்கள். பட்டியலை வைத்திருப்பது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற பொது அமைப்பு, 2015-ல் இந்த வடிவத்துக்கு வந்தது. பெரிய கோட்டைகள் பெரும்பாலும் ஏ தரம். ஒரு கட்டடம் பட்டியலில் இருந்தால் வெளிப்புறம் மட்டுமல்ல, உட்புறமும் பாதுகாப்புக்குள் வரும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பட்டியல் கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் உள்ளாட்சியின் திட்ட அதிகாரிகளிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் செய்தால் அது குற்றம். 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இடிபாடாக நிற்கும் கோட்டைகள் பல ‘பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம்’ என்ற வேறொரு பட்டியலில் வரும். அதன் விதிகள் இன்னும் கடுமை.

பழைய சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்குவது, பழைய பலகைக் கதவை எடுத்துவிட்டுப் புதுக்கதவு போடுவது, கூரைச் சித்திரத்தை மறைத்து ஏசி குழாய் ஓட்டுவது, எதுவும் நினைத்தபடி நடக்காது. பிறகு எதை மாற்றலாம்? கழற்றி எடுத்தால் தடம் தெரியாமல் போகும் எதையும். கட்டில், திரை, விரிப்பு, நாற்காலி, விளக்கு, படம். பழைய பூச்சு ஓவியம் எதுவும் அடியில் இல்லையென்றால் சுவர் வண்ணம். ஒரு தீம் அறைக்குத் தேவையானதும் சரியாக இதே பொருட்கள்தான். கல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, அதனால் கதை முழுவதும் துணியில் போய் உட்கார்ந்துகொண்டது.

பாத்ரூம்தான் பெரிய தலைவலி. கோபுர வீடு கட்டியவர்கள் சுவருக்குள்ளேயே ஒரு சின்னக் கழிப்பிடமும், கீழே விழ ஒரு புழையும் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு ஒவ்வோர் அறைக்கும் சுடுநீர், ஷவர், கழிவுக் குழாய் வேண்டும். பழைய மரத்தளம் தண்ணீர் நிறைந்த இரும்புத் தொட்டியின் எடையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். குழாய் போகச் சரிவு வேண்டும் என்று பாத்ரூம் தரையை ஒரு படி உயர்த்துவார்கள். அறைக்குள்ளேயே தொட்டியை வைத்துவிட்டு அதையும் ‘அரச குளியல்’ என்று தீமில் சேர்ப்பவர்களும் உண்டு. லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. இரண்டு மூன்று மீட்டர் கல்சுவரைத் தாண்டி வைஃபை வருவது அதன் மனநிலையைப் பொறுத்தது.

3. பணம். முதல் உலகப் போருக்குப் பிறகு வாரிசு வரி ஏறிக்கொண்டே போய், 1940-களின் இறுதியில் மிகப்பெரிய சொத்துகளுக்கு 80 விழுக்காட்டைத் தொட்டது. வேலையாட்களும் கிடைக்கவில்லை. பல குடும்பங்கள் வீட்டை இடித்தன, சிலர் கட்டட வரியிலிருந்து தப்பிக்கக் கூரையை மட்டும் பிரித்துவிட்டு மழைக்கு விட்டார்கள். கடலோரத்தில் இடிபாடாக நிற்கும் ஸ்லெய்ன்ஸ் கோட்டை 1925-ல் கூரை இழந்தது அப்படித்தான். தப்பித்தவை பள்ளிக்கூடமாக, மருத்துவமனையாக, ஹோட்டலாக மாறின. ராம்சே குடும்பம் வேறு வீட்டுக்குப் போன பிறகு டால்ஹவுசி கொஞ்ச காலம் பள்ளிக்கூடமாக இருந்தது, 1972 முதல் ஹோட்டல்.

ஹோட்டல் ஆனதும் செலவு குறைந்துவிடவில்லை. பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுந்தது, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். ஒரு காலத்தில் வசதி என்று சிமென்ட் பூசினார்கள், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு கல் உதிர ஆரம்பித்தது. இப்போது சிமென்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசுகிறார்கள், அதற்குத் தெரிந்த கைகள் வேண்டும், கூலியும் அதற்கேற்ப.  இவ்வளவையும் ஈடுகட்ட வேண்டுமென்றால் ஓர் இரவு வாடகையை நன்றாக ஏற்றியாக வேண்டும். வெறும் கட்டிலுக்கு யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள், கதைக்குக் கொடுப்பார்கள். திருமணங்களும் கைகொடுக்கின்றன. ஸ்காட்லாந்தில் இடத்துக்கு உரிமம் வாங்கத் தேவையில்லை, நடத்தி வைப்பவருக்கு அதிகாரம் இருந்தால் போதும் என்பதால் கோட்டைக் கூடத்தில் கல்யாணமும், பெயர் பெற்ற பெரிய அறையில் முதலிரவும் ஒரே பில்லில் வந்துவிடுகின்றன.

கணப்பில் ஏன் நெருப்பு இல்லை?

படுக்கையறையில் அழகான பெரிய கணப்பு இருக்கும், விறகுகூட அடுக்கியிருக்கும், ஆனால் பற்றவைக்க விட மாட்டார்கள். காரணம் வெளிப்படை. தடித்த கல்சுவருக்குள் உலர்ந்த மரத்தளம், பலகைத் தடுப்பு, அவற்றுக்கு நடுவே யாருக்கும் தெரியாத வெற்றிடங்கள், வெளியேற ஒரே ஒரு சுழல் படிக்கட்டு. விதானக் கட்டிலும் நாலு பக்கத் திரையும் வேறு. தீம் அறை என்றாலே எரியக்கூடிய துணி அதிகம்.

2017 டிசம்பர் 18 அன்று லாக் லோமண்ட் ஏரிக்கரையில் உள்ள கேமரன் ஹவுஸ் ஹோட்டலில் நடந்தது இதைத்தான் காட்டியது. கணப்புச் சாம்பலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, காகிதமும் சுள்ளியும் இருந்த அலமாரியில் வைத்ததில் பிடித்த தீ பழைய மாளிகைக்குள் பரவி, தங்கியிருந்த இருவர் இறந்தார்கள். 2021-ல் ஹோட்டல் நிறுவனத்துக்கு 5 லட்சம் பவுண்டு அபராதம். 2023-ல் வெளியான விசாரணை முடிவில், வரலாற்றுக் கட்டடங்களை ஹோட்டலாக மாற்றும்போது தானாகத் தீயணைக்கும் அமைப்பைக் கட்டாயமாக்குவது பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்ற பரிந்துரை இருந்தது. இங்கே இரண்டு நோக்கங்கள் மோதுகின்றன: தண்ணீர்க் குழாயும் தீக்கதவும் போட்டால் பழைய மரவேலை பாதிக்கும், போடாவிட்டால் ஆள் போகும். என்னைக் கேட்டால் இதில் விவாதத்துக்கே இடமில்லை, மரவேலைதான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பெயர் பொருந்தும் இடங்களும் இருக்கின்றன

போர்த்விக் கோட்டையில் மேரி தங்கியது நடந்த கதை. 1567 ஜூனில் கணவர் பாத்வெல்லோடு அங்கே இருந்தபோது எதிரிப் பிரபுக்கள் சூழ்ந்துகொள்ள, பாத்வெல் முதலில் நழுவினார், அடுத்து மேரி ஆண் உடை அணிந்து தப்பினார். சில நாட்களிலேயே, ஜூன் 15 அன்று, கார்பெரி ஹில்லில் சரணடைந்தார். அந்தச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன, 1650-ல் படையெடுத்து வந்த இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல்லின் பீரங்கி பெயர்த்த இடமும் அப்படியே தெரிகிறது.

கல்லேன் கோட்டையின் கதை இன்னும் தெளிவு. 1945-ல் கென்னடி குடும்பம் கோட்டையை நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து அமைப்பிடம் ஒப்படைத்தபோது, மேல்மாடிக் குடியிருப்பை அமெரிக்கத் தளபதி ஜெனரல் ஐசன்ஹோவர் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்திக்கொள்ளக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது, இரண்டாம் உலகப் போரில் அவர் செய்ததற்கு நன்றியாக. நான்கு முறை வந்து தங்கினார், 1959-ல் அமெரிக்க அதிபராக இருந்தபோதும் வந்தார். அந்தக் குடியிருப்பில் இன்று காசு கொடுத்துத் தங்கலாம். கட்டடம் கோட்டை வேடம் போட்டது, பெயர் மட்டும் அசல்.

டால்ஹவுசியின் விடுபட்ட கதை

1298-ல் டால்ஹவுசியில் உண்மையில் வந்து தங்கியவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட். எதற்காக வந்தார்? ஃபால்கர்க் போரில் வாலஸை முறியடிக்கப் போகும் வழியில். ஏழு வருடம் கழித்து லண்டனில் வாலஸைக் கொன்றதும் இதே எட்வர்டின் ஆட்சிதான். வந்தவரை விட்டுவிட்டு, அவர் அடிக்கப் போனவரின் பெயரில் அறை. வியாபாரம் என்று பார்த்தால் முற்றிலும் நியாயம்.

இதைவிடப் பெரிய கதை 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது, தமிழர்களுக்கு அது நெருக்கமானதும்கூட. 1812-ல் இந்தக் கோட்டையில் பிறந்து 1860-ல் இங்கேயே இறந்த ஜேம்ஸ் ஆண்ட்ரூ ராம்சேதான், பள்ளிப் பாடத்தில் நாம் படித்த டால்ஹவுசி பிரபு. 1848 முதல் 1856 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். ஆண் வாரிசு இல்லாத சமஸ்தானங்களைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் வாரிசு இழப்புக் கொள்கையைத் தீவிரமாக நடத்தியவர். தஞ்சாவூர் மராத்திய அரசர் இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் அந்த அரசபீடம் முடிவுக்கு வந்தது. 1799-லேயே கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும் தவிர மற்ற அதிகாரம் பறிபோயிருந்தது என்றாலும், மிச்சம் இருந்த பட்டமும் அன்றோடு போனது. அதே ஆண்டு ஆற்காட்டு நவாபும் வாரிசின்றி இறக்க, அந்தப் பட்டத்தையும் ரத்து செய்தார்கள், சேப்பாக்கம் அரண்மனை அரசாங்கத்தின் கைக்குப் போனது. ரயில், தந்தி, சீரான தபால் கட்டணம் ஆகியவையும் இவர் காலத்தவைதான், அதைச் சொல்லாமல் விட்டாலும் கதை பாதி.

கோட்டைப் படுக்கையறைகளுக்குப் பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்படும் கதைகளைப் பாருங்கள்: சுதந்திரத்துக்குப் போராடிய வீரன், தோற்றுப்போன அரசி, காதல், பேய். தோற்றவர்கள், அடிபட்டவர்கள் பக்கம்தான் சாய்வு. அடித்தவர்களின் கதை, கடல்கடந்து வந்த பணத்தின் கதை தலையணைப் பக்கத்தில் வைக்க வசதியானதல்ல. தூங்க வருகிறவருக்குக் குற்றவுணர்வு கொடுக்க எந்த ஹோட்டலும் விரும்பாது, அது புரிகிறது. ஆனால் வரலாற்றை அனுபவியுங்கள் என்று சொல்லி விற்கும்போது, எந்த வரலாறு என்று கேட்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு.

விளம்பரத்தைப் பார்க்கும்போது

முன்பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், பெயரை ஓரமாக வைத்துவிட்டு இவற்றைக் கேளுங்கள்.

1. அறை பழைய கோபுரத்தில் இருக்கிறதா, பின்னால் சேர்த்த பகுதியிலா, வளாகத்தில் தனியாக நிற்கும் வேறு கட்டடத்திலா? ‘கோட்டையில் அறை’ என்ற சொல்லுக்குள் இந்த மூன்றும் அடங்கிவிடும், முகப்புப் படம் மட்டும் எப்போதும் கோபுரத்தினுடையது.

2. எத்தனை படி? லிஃப்ட் இல்லாத சுழல் படிக்கட்டில் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது இரண்டு பேர் வேலை. முட்டி வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் இதை முதலில் கேட்க வேண்டும்.

3. ‘இன்னார் தங்கினார்’ என்று போட்டிருக்கிறதா, ‘இன்னாரின் நினைவாக’ என்று போட்டிருக்கிறதா? ஒழுங்கான இடங்கள் இந்த இரண்டையும் கலப்பதில்லை. முதல் வகை என்றால் ஆண்டு எது, அந்த ஆண்டில் இந்தப் பகுதி கட்டப்பட்டிருந்ததா என்று பாருங்கள்.

4. ஹோட்டலா, வாடகைக்கு விடும் தனியார் கோட்டையா? குறுகிய கால வாடகை வீடுகளுக்கு உரிமம் வேண்டும் என்று 2022-ல் ஸ்காட்லாந்தில் விதி வந்தது, ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தவர்கள் 2023 அக்டோபர் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஹோட்டல்கள் இதற்குள் வராது. முழுக் கோட்டையையோ அதில் ஒரு பகுதியையோ வாடகைக்கு விடுகிறவரிடம் உரிம எண் கேட்கலாம்.

5. தங்கும் வரி உண்டா? 2024-ல் வந்த சட்டம் உள்ளாட்சிகளுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. எடின்பரோ நகராட்சி 2026 ஜூலை 24 முதலான தங்கல்களுக்கு அறைக் கட்டணத்தில் 5 விழுக்காடு என்று முடிவு செய்தது, தொடர்ந்து தங்கினால் முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும். டால்ஹவுசி, போர்த்விக் இரண்டும் எடின்பரோவுக்குப் பக்கம் என்றே விளம்பரம் ஆனாலும் அவை மிட்லோதியன் உள்ளாட்சிக்குள் வருகின்றன, நகரத்தின் வரி அங்கே செல்லாது.